எம்சிஎக்ஸ் குரூட் ஆயில்: வால்யூம் படிக்கத் தெரியாமல் போன மூன்றரை லட்சம்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் சாயங்கால நேரத்தில் எம்சிஎக்ஸ் என்ற பொருள் சந்தையில் குரூட் ஆயில் (கச்சா எண்ணெய்) ஃபியூச்சர்ஸ், அதாவது பின்தேதி ஒப்பந்த வர்த்தகம், செய்து பார்க்கலாம் என்று நினைக்கும் சம்பளக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். 2024 தொடக்கத்தில் இதில் இறங்கினேன். 2025 நடுப்பகுதிக்குள் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. அதில் பெரும்பங்கு, மாடியில் ஒரு அறை எடுப்பதற்காகச் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். சார்ட்டில் வால்யூமை, அதாவது எவ்வளவு கைமாறியது என்பதை, எப்படிப் பார்க்க வேண்டும் என்று யாராவது அப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொல்லியிருந்தால், அதில் பாதிக்கு மேல் கையில் மிஞ்சியிருக்கும். சொல்ல ஆள் இல்லை. பணம் கட்டிச் சேர்ந்த இடத்திலும் சொல்லவில்லை.

பங்குச் சந்தை மூன்றரை மணிக்கு முடிந்துவிடும், அந்த நேரம் நான் ஆபீஸில் இருப்பேன். குரூட் ஆயில் இரவு பதினொன்றரை வரை நடக்கும், அமெரிக்காவில் குளிர்கால நேரம் என்றால் 11.55 வரை. இரவு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தாராளமாக நேரம் இருக்கிறதே என்றுதான் இந்தப் பக்கம் வந்தேன். ஒரு தடவை வாங்கவோ விற்கவோ வேண்டிய குறைந்தபட்ச அளவுதான் லாட். பெரிய லாட் 100 பேரல். விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் நமக்கு 100 ரூபாய் லாபமோ நஷ்டமோ. மினி லாட் 10 பேரல், ஒரு ரூபாய்க்குப் பத்து ரூபாய். புதிதாக வருபவர்கள் மினியில் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

வார இறுதிப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு 18,000 ரூபாய் கட்டினேன். ஃபிளாக் (வேகமான நகர்வு கம்பம், அதன்பின் வரும் சின்னப் பின்வாங்கல் கொடி), ட்ரையாங்கிள், டபுள் டாப், டபுள் பாட்டம், ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் என்று விலை வடிவங்களை எல்லாம் திரையில் போட்டுக் காட்டினார்கள். காட்டியது எல்லாமே முடிந்துபோன சார்ட். வடிவம் முழுதாக உருவாகி, உடைத்து, இலக்கு வரை போய் நிற்கும் படங்கள். விலை ஒரு எல்லையை உடைத்து வெளியே வருவதை பிரேக் அவுட் என்பார்கள். வால்யூமைப் பற்றி அங்கே கேட்டது ஒரே ஒரு வரி: "பிரேக் அவுட் ஆகும்போது வால்யூம் அதிகமாக இருக்கணும்." எதைவிட அதிகம், எந்த நேரத்தோடு ஒப்பிட்டு அதிகம், யாருடைய வால்யூம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்கும் அப்போது தெரியாது. இதைச் சொல்லக் காரணம், அந்த வரி தவறானது கிடையாது. அரைகுறையானது. ஃபியூச்சர்ஸில் அரைகுறையான விதிதான் அதிகமாகப் பணத்தைத் தின்னும், ஏனென்றால் அது அவ்வப்போது பலித்து நம்பிக்கையை வளர்த்துவிடும்.

எனக்கும் பலித்தது. முதல் சில மாதங்கள் மினியில் சின்னச் சின்ன லாபம் வந்தது. 2024 ஏப்ரலில் ஈரானும் இஸ்ரேலும் மோதிக்கொண்ட சமயம், விலை ஒரு பக்கமாக நகர்ந்த நாட்களில் ஃபிளாக் எல்லாம் வகுப்பில் காட்டிய மாதிரியே நடந்தது. அந்தத் தைரியத்தில் பெரிய லாட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு நடந்ததை நான்கு கட்டங்களாகச் சொல்லலாம், ஒவ்வொன்றிலும் வால்யூம் வேறு வேறு விதமாக என்னை ஏமாற்றியது.

முதலில் பகல் நேரத்து பிரேக் அவுட். மதிய இடைவேளையில் போனில் சார்ட்டைத் திறந்தால், காலையிலிருந்து ஒரு குறுகிய எல்லைக்குள் இருந்த விலை மேலே உடைத்திருக்கும். கீழே வால்யூம் பட்டை முந்தைய பட்டைகளைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உயரமாக இருக்கும். வாங்குவேன். அரை மணி நேரத்தில் விலை மறுபடி உள்ளே வந்து, நஷ்டத்தை நிறுத்த முன்கூட்டிப் போட்டு வைத்த என் ஸ்டாப் லாஸ் விலையைத் தொட்டுவிடும். ஒரு தடவைக்கு 1,500, 2,000 என்று போகும். பெரிய தொகையாகத் தெரியாததால் இதில் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் கரைந்தது எனக்கு உறைக்கவே இல்லை. மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்த அன்று வயிற்றைக் கலக்கியது.

காரணம் இதுதான். எம்சிஎக்ஸ் குரூட் ஆயிலின் விலை இங்கே உருவாவதில்லை. அது நியூயார்க்கில் நைமெக்ஸ் சந்தையில் நடக்கும் டபிள்யூடிஐ என்ற அமெரிக்கக் குரூடின் விலையை, டாலர்-ரூபாய் மதிப்போடு பெருக்கிப் பின்தொடர்கிறது. நம் ஒப்பந்தம் முடியும்போது கணக்குத் தீர்ப்பதும் நைமெக்ஸ் விலையை வைத்துத்தான், எண்ணெய் கைமாறுவதில்லை. இந்திய நேரம் மதியம் ஒரு மணிக்கு அமெரிக்காவில் நடுராத்திரியைத் தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் நைமெக்ஸிலேயே ஆள் குறைவு. ஒட்டன்சத்திரம் சந்தையில் முடிவாகிற தக்காளி விலையைத் தெரிந்துகொள்ள, நம் தெருக்கோடிக் கடையில் எத்தனை பேர் தக்காளி வாங்கினார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பது மாதிரிதான் நான் செய்துகொண்டிருந்தது. பகலில் எம்சிஎக்ஸில் வால்யூம் மூன்று மடங்கு ஆனாலும், இரவு ஏழரை மணி வால்யூமோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. முந்தைய பட்டைகள் குட்டையாக இருப்பதால் மட்டும்தான் அது உயரமாகத் தெரிகிறது.

ஆகவே நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பக்கத்துப் பட்டையோடு ஒப்பிடுவதை முற்றிலும் விட்டுவிட்டேன். ஒரு எக்செல் தாளில் மாலை 6.30 முதல் இரவு 11.30 வரை ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். கடந்த பத்து வர்த்தக நாட்களின் வால்யூம் சராசரியை அதில் போட்டுக்கொள்வேன். இன்று 7.45 மணிப் பட்டையை, கடந்த நாட்களின் 7.45 மணிப் பட்டைகளின் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் கவனிப்பேன். சில சார்ட் தளங்களில் இதே ஒப்பீட்டுக்கென்று இண்டிகேட்டரும் இருக்கிறது. கூடவே நைமெக்ஸ் குரூட் சார்ட்டையும் திறந்து வையுங்கள். இலவசமாகப் பார்த்தால் பத்து நிமிடத் தாமதம் இருக்கும், ஆனால் ஒரு ஃபிளாக்கின் கம்பத்தில் அங்கே வால்யூம் இருந்ததா என்று பார்க்க அது போதும். எம்சிஎக்ஸில் வால்யூம் பொங்கி, நைமெக்ஸில் அதே நேரம் சாதாரணமாக இருந்தால், அந்த பிரேக் அவுட்டை நான் எடுப்பதில்லை.

மாலை 6.30 என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் கோடைக்கால நேரம் நடக்கும்போது, நம் 6.30 அங்கே காலை 9 மணி. ஏழு மணிக்கு அவர்களுடைய பங்குச் சந்தை திறக்கும். அங்கே ஆள் வந்து உட்காருவது அந்த நேரம்தான். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை இது எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இந்த மாற்றம் தெரியாமல், நவம்பரில் பழைய நேரக் கணக்கிலேயே இருந்து குழம்பியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது கட்டம் புதன்கிழமை. இதை நினைத்தால் இன்னமும் மனம் பதைக்கிறது. ஒரு புதன்கிழமை மாலை, 6.45-லிருந்து விலை அழகான ஒரு ட்ரையாங்கிளுக்குள் சுருங்கிக்கொண்டே வந்தது. உச்சிகள் இறங்கின, பள்ளங்கள் ஏறின, வால்யூம் படிப்படியாக வற்றியது. வகுப்பில் சொன்ன இலக்கணம் அச்சு மாறாமல் இருந்தது. இரண்டு பெரிய லாட்டுக்கு மேல் கோட்டில் பை ஆர்டர் போட்டுக் காத்திருந்தேன். சரியாக எட்டு மணிக்கு விலை மேலே பாய்ந்தது, ஆர்டர் நிறைவேறியது, வால்யூம் பட்டை திரையின் உச்சியைத் தொட்டது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் விலை அதே வேகத்தில் கீழே விழுந்தது. என் ஸ்டாப் லாஸ் ஆர்டரில் ட்ரிக்கர் விலைக்கும் (ஆர்டர் உயிர்பெறும் விலை) லிமிட் விலைக்கும் (அதற்குக் கீழே விற்காத விலை) நடுவில் இரண்டு ரூபாய்தான் இடைவெளி விட்டிருந்தேன். விலை அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. ஆர்டர் நிறைவேறாமல் திரையில் அப்படியே நின்றது. கை நடுங்க அதை ரத்து செய்துவிட்டு, கிடைத்த விலைக்கு வெளியே வந்தபோது 140 ரூபாய் கீழே இருந்தேன். இரண்டு லாட்டுக்கு 28,000 ரூபாய், இரண்டு மூன்று நிமிடத்தில். அன்று இரவு தூக்கம் வரவில்லை. பக்கத்தில் படுத்திருந்த மனைவியிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

அமெரிக்காவின் இஐஏ என்ற எரிசக்தித் தகவல் நிறுவனம் வாராவாரம் எண்ணெய் இருப்புக் கணக்கை வெளியிடுகிறது. வழக்கமாகப் புதன்கிழமை, அவர்கள் நேரம் காலை 10.30. நமக்குக் கோடையில் இரவு எட்டு மணி, குளிர்காலத்தில் ஒன்பது மணி. அந்த வாரத் தொடக்கத்தில் அமெரிக்காவில் விடுமுறை இருந்தால் வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போகும். பெரிய ஆட்கள் அந்த எண் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். விலை சுருங்கியதும் வால்யூம் வற்றியதும் அதனால்தான். நான் பார்த்தது வாங்குபவரும் விற்பவரும் மோதி மோதிச் சோர்ந்த ட்ரையாங்கிள் இல்லை, எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இடைவெளி. சார்ட்டில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். வித்தியாசத்தைச் சார்ட் சொல்லாது, காலண்டர்தான் சொல்லும்.

அந்த எட்டு மணி கேண்டிலின் (குறிப்பிட்ட நேரத்து விலை நகர்வைக் காட்டும் கட்டை) வால்யூமுக்கும் எந்த அர்த்தமும் கிடையாது. அதில் மேலே வாங்கியவர்களும் இருக்கிறார்கள், ஸ்டாப் லாஸ் அடிபட்டு வெளியே தள்ளப்பட்டவர்களும் இருக்கிறார்கள், எல்லாம் ஒரே பட்டையில் கலந்து கிடக்கும். இருப்புக் கணக்கு வந்த முதல் 15 நிமிடக் கேண்டில் முழுதாக முடிந்த பிறகுதான் நான் இப்போது சார்ட்டைப் பார்க்கவே தொடங்குகிறேன். அந்தக் கேண்டிலின் உச்சியும் அடியும் நல்ல குறிப்பு. அடுத்து வரும் கேண்டில்கள் அவற்றில் ஒன்றைத் தாண்டி மூடினால், அதில் வால்யூமும் சராசரிக்கு மேல் நின்றால், அந்தப் பக்கம் யோசிக்கலாம். ஸ்டாப் லாஸில் லிமிட் விலையைத் தாராளமாகத் தள்ளி வையுங்கள். பெரிய நகர்வில் பத்து ரூபாய் கூடுதலாகப் போனாலும் வெளியே வந்துவிடுவது, திரையைப் பார்த்துக்கொண்டு மாட்டிக் கிடப்பதைவிட எவ்வளவோ மேல். செவ்வாய்க்கிழமைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் என்ற தொழில் அமைப்பு தன் சொந்தக் கணக்கை அவர்கள் நேரம் செவ்வாய் மாலை 4.30-க்கு வெளியிடும். நமக்கு அது அதிகாலை. எம்சிஎக்ஸ் மூடியிருக்கும். செவ்வாய் இரவு எவ்வளவு அழகான வடிவம் இருந்தாலும் கையில் வைத்துக்கொண்டு தூங்கினால், புதன் காலை ஸ்டாப் லாஸுக்கு அப்பால் திறக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவதுதான் என்னை உடைத்தது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. குரூட் ஒரே நாளில் 7 சதவீதம் ஏறியது. அடுத்த வாரம் முழுக்க விலை மேலேயே நின்றது. ஜூன் 22 அமெரிக்கா ஈரானின் அணுசக்தி நிலையங்கள் மீது குண்டு போட்டது. வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் போகும் ஹோர்முஸ் ஜலசந்தியை மூடிவிடுவார்கள் என்று எல்லா இடத்திலும் பேச்சு. 23-ஆம் தேதி திங்கள்கிழமை விலை இடைவெளியோடு மேலே திறந்தது. டபிள்யூடிஐ 78 டாலரைத் தாண்டியது. பிறகு சற்று இறங்கி, மாலை வரை சாய்ந்த ஃபிளாக் மாதிரி நின்றது. உயரமான கம்பம், வற்றும் வால்யூம், உலகமே ஏறும் என்று சொல்கிற செய்தி. அதுவரை விட்டதையெல்லாம் ஒரே இரவில் எடுத்துவிடலாம் என்ற வெறி எனக்குள் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. இரண்டு பெரிய லாட் வாங்கினேன். நம் நேரம் இரவு பத்து மணி வாக்கில் கத்தாரில் இருந்த அமெரிக்கத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை வீசிய செய்தி வந்தது. போர் பெரிதாகிறது, விலை பறக்கும் என்று நினைத்தேன். விலை சரிந்தது. எண்ணெய்க் கிணறுகளையோ கப்பல்களையோ ஈரான் தொடவில்லை என்பதைச் சந்தை உடனே கணக்குப் போட்டுவிட்டது. அன்றைய முடிவில் டபிள்யூடிஐ 68.51 டாலரில் நின்றது, முந்தைய நாளைவிட 7 சதவீதத்துக்கும் மேல் கீழே. நான் 310 ரூபாய் இறக்கத்தில் வெளியே வந்தேன். 62,000 ரூபாய். மறுநாள் போர் நிறுத்தச் செய்தி வந்தது, அன்றும் 6 சதவீதம் விழுந்தது. நடுவில் டபுள் பாட்டம் என்று ஒன்றை நம்பி அதிலும் 35,000 விட்டேன்.

செய்தி என்னவாகும் என்று எனக்கு முன்கூட்டித் தெரிய வாய்ப்பில்லை, அதை விட்டுவிடுவோம். ஆனால் செய்தியே இல்லாமல் பார்த்தால்கூட அது நல்ல ஃபிளாக் கிடையாது. இதைப் புரிந்துகொள்ள ஓபன் இன்ட்ரஸ்ட் தேவை. வால்யூம் என்பது அன்று எத்தனை லாட் கைமாறியது என்பது. ஓபன் இன்ட்ரஸ்ட் என்பது முடிக்கப்படாமல் எத்தனை ஒப்பந்தங்கள் இன்னும் நிற்கின்றன என்பது. விலையும் ஓபன் இன்ட்ரஸ்டும் சேர்ந்து ஏறினால் புதிதாகப் பணம் உள்ளே வருகிறது, லாங் பில்டப் என்பார்கள். விலை ஏறி ஓபன் இன்ட்ரஸ்ட் இறங்கினால், முன்னால் விற்று வைத்தவர்கள் பயந்து திருப்பி வாங்கி ஓடுகிறார்கள், அது ஷார்ட் கவரிங். இறங்கும்போதும் இதே கணக்கு: ஓபன் இன்ட்ரஸ்ட் கூடினால் ஷார்ட் பில்டப், குறைந்தால் லாங் அன்வைண்டிங். ஃபிளாக்கின் கம்பம் ஷார்ட் கவரிங்கால் வந்ததென்றால், ஓட வேண்டியவர்கள் ஓடி முடித்ததும் வாங்க ஆள் இருக்காது. வால்யூம் பட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்தான். பங்குகளில் மட்டும் பழகிவிட்டு ஃபியூச்சர்ஸுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணைப் பார்ப்பதே இல்லை. வர்த்தகச் செயலியில் மார்க்கெட் டெப்த்தைத் திறந்தாலே அது இருக்கும். எனக்கு அதைக் காட்ட யாரும் இல்லை.

நான்காவது எக்ஸ்பயரி, அதாவது ஒப்பந்தம் முடியும் நாள். இதில் எனக்குப் போனது குறைவு, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். குரூட் ஒப்பந்தம் மாதாமாதம் 20-ஆம் தேதியை ஒட்டி முடியும். அந்த நாள் நெருங்கும்போது எல்லாரும் அடுத்த மாதத்துக்கு மாறுவார்கள். அப்போது அடுத்த மாத சார்ட்டில் வால்யூம் திடீரென்று பொங்கும், ஓபன் இன்ட்ரஸ்டும் பொங்கும். புதிய ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள், பழைய ஆட்கள் இடம் மாறுகிறார்கள். மாத ஒப்பந்தங்களை ஒன்றாக ஒட்டிக் காட்டும் தொடர் சார்ட்டில் இரண்டு மாதங்களின் விலை வித்தியாசம் ஒரு கேப் (இடைவெளி) மாதிரி விழும், அதன் மேல் கோடு போட்டால் எல்லாம் தப்பாக வரும். எக்ஸ்பயரிக்கு முந்தைய சில நாட்கள் நான் எதுவும் செய்வதில்லை. 2020 ஏப்ரல் 20 அன்று நைமெக்ஸில் விலை மைனஸ் 37.63 டாலருக்குப் போனதும், எம்சிஎக்ஸ் ஏப்ரல் ஒப்பந்தத்தை மைனஸ் 2,884 ரூபாயில் முடித்ததும் நடந்த விஷயம். ஊரடங்கு காரணமாக அன்று எம்சிஎக்ஸ் மாலை ஐந்து மணிக்கே மூடிவிட்டது. வாங்கி வைத்திருந்தவர்கள் வெளியே வர வழியே இல்லாமல், போட்ட பணத்துக்கு மேலேயும் கட்ட வேண்டியிருந்தது. அந்த விலையை எந்த சார்ட் வடிவமும் காட்டியிருக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் வடிவங்கள் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சில பயன்படுகின்றன, அவற்றை அடையாளம் காண நான் வைத்திருக்கும் அளவுகளைச் சொல்கிறேன். ஃபிளாக் என்றால், கம்பம் மாலை 6.30-க்குப் பிறகு உருவாகியிருக்க வேண்டும், அந்த நேரத்துச் சராசரியைவிட ஒன்றரை மடங்காவது வால்யூம் வேண்டும், ஓபன் இன்ட்ரஸ்ட் கூடியிருக்க வேண்டும். பின்வாங்கல் கம்பத்தின் பாதிக்கு மேல் போகக் கூடாது. பின்வாங்கும்போது வால்யூம் குறைய வேண்டும், அதுவும் அந்த நேரத்துச் சராசரியோடு ஒப்பிட்டுத்தான். உடைக்கும்போது கேண்டில் கோட்டுக்கு வெளியே மூட வேண்டும், கேண்டிலின் மெல்லிய வால் மட்டும் எட்டிப் பார்த்தால் போதாது. அப்போதும் உடனே வாங்குவதில்லை. விலை ஒரு தடவை திரும்பி வந்து அந்தக் கோட்டைத் தொட்டு நிற்கிறதா என்று பார்ப்பேன். பல நல்ல நகர்வுகள் இப்படிக் கைநழுவிப் போகும். போகட்டும்.

டபுள் டாப், டபுள் பாட்டம் இரண்டிலும் இரண்டாவது தடவை அதே இடத்தைத் தொடும்போது வால்யூம் முதல் தடவையைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால்தான் மதிப்பு. முதல் உச்சி 7.15-க்கும் இரண்டாவது 10.30-க்கும் வந்தால் அந்த ஒப்பீடே செல்லாது, ஏனென்றால் பத்தரைக்கு எப்படியும் வால்யூம் குறைந்திருக்கும். இங்கேயும் எக்செல் தாள்தான் கை கொடுக்கும். ஹெட் அண்ட் ஷோல்டர்ஸை 5 நிமிட சார்ட்டில் தேடுவதை அடியோடு விட்டுவிட்டேன். தேடினால் தினமும் நான்கு கிடைக்கும், நான்கிலும் பணம் போகும்.

எனக்கு அதிகம் உதவியது வகுப்பில் சொல்லாத ஒன்று. ஒரு முக்கியமான விலையை, உதாரணமாக முந்தைய நாள் உச்சியை, சந்தை பெரிய வால்யூமோடு தாண்டுகிறது. ஆனால் கேண்டில் மறுபடி அந்த விலைக்குக் கீழேயே வந்து மூடுகிறது. அவ்வளவு பேர் வாங்கியும் விலை நிற்கவில்லை என்றால், மேலே யாரோ பொறுமையாக விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கேண்டிலும் கீழே போனால், மேலே வாங்கி மாட்டியவர்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள், அது விலையை இன்னும் தள்ளும். முன்பெல்லாம் மாட்டியவர்களில் நான் இருந்தேன். இப்போது இதைக் கண்டால் குறைந்தபட்சம் வாங்காமல் இருக்கிறேன். அந்த ஒரு பழக்கமே கணக்கைக் காப்பாற்றுகிறது.

பழகுவதற்கு ஒரு வழி: பழைய சார்ட்டை எடுத்து வலது பக்கத்தை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்திப் பாருங்கள். என்ன வடிவம், வால்யூம் என்ன சொல்கிறது, எங்கே நுழைவீர்கள் என்று எழுதிவிட்டுப் பிறகு காகிதத்தை நகர்த்துங்கள். முடிந்த சார்ட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். பாதி சார்ட்டில் ட்ரையாங்கிள் எது, வெறும் குழப்பம் எது என்று பிரிக்கத் திணறும்போதுதான் உண்மையான நிலை தெரியும். பணம் போடும் முன் இரண்டு மாதமாவது இதைச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செலவுக் கணக்கையும் பாருங்கள். குரூட் விலை 5,600 என்று வைத்துக்கொண்டால் ஒரு மினி லாட்டின் மதிப்பு 56,000. புரோக்கரேஜ் ஆர்டருக்கு 20 ரூபாய் அல்லது மதிப்பில் 0.03 சதவீதம், எது குறைவோ அது என்று வைத்தால் ஒரு பக்கம் 16.80, வாங்கி விற்க 33.60. விற்பதற்கு சிடிடி என்ற பொருள் வர்த்தக வரி 0.01 சதவீதம், 5.60. எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரை வரி, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 50 ரூபாய். அதாவது விலை 5 ரூபாய் நகர்ந்தால்தான் போட்டது திரும்பும். பத்து ரூபாய் இலக்கு வைத்துத் தினமும் பத்து தடவை உள்ளே வெளியே போய்க்கொண்டிருந்தால், சரியாகச் செய்தாலும் பாதி அதிலேயே போய்விடும். என் மொத்த நஷ்டத்தில் கட்டணமும் வரியும் மட்டும் 48,000 ரூபாய். புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டை ஒவ்வொன்றாகக் கூட்டிய பிறகுதான் அது தெரிந்தது. பங்குச் சந்தை எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதைப் படித்த நாளிலும் நான் மீதி 7 சதவீதத்தில் இருப்பேன் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் மாத இறுதியில் மனைவியிடம் சொன்னேன். சீட்டுப் பணம் எங்கே என்று கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "வெளியே யார்கிட்டயாவது கடன் வாங்கியிருக்கீங்களா, அதை மட்டும் இப்ப சொல்லுங்க" என்றாள். வாங்கவில்லை. அந்த பதிலைக் கேட்ட பிறகுதான் அழுதாள். ஒரு வருடத்துக்கும் மேல் இரவெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்த காரணம் அவளுக்கு வேறு மாதிரியெல்லாம் தோன்றியிருக்கிறது. நஷ்டத்தில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், வீட்டில் சொல்லுங்கள். சொல்லாமல் வைத்திருந்த வரைக்கும்தான் நான் "ஒரே இரவில் எடுத்துவிடலாம்" என்று பெரிய லாட் போட்டேன். சொன்ன பிறகு அப்படிச் செய்ய வேண்டிய தேவையே இல்லாமல் போனது. இப்போது ஒரு மினி லாட்டுக்கு மேல் எடுப்பதில்லை, கணக்கில் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை, அந்தக் கணக்கை மாதம் ஒரு முறை அவளும் பார்க்கிறாள்.

கடைசியாக வருமான வரி, இதை யாரும் சொல்வதில்லை. எம்சிஎக்ஸ் ஃபியூச்சர்ஸ் லாபநஷ்டம் வணிக வருமானமாகக் கணக்கிடப்படும், ஊக வணிகமாக அல்ல. சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 என்ற வருமான வரிப் படிவம் இதற்குச் செல்லாது, ஐடிஆர்-3 போட வேண்டும். இந்த நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று, பின்னால் வரும் வணிக லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். தேதி தவறினால் அந்த உரிமை போய்விடும். நஷ்டம்தானே, எதற்குக் காட்ட வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். புரோக்கர் தளத்திலிருந்து லாபநஷ்ட அறிக்கையையும் கட்டண விவரத்தையும் ஏப்ரல் மாதமே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சார்ட் பார்க்க வாங்கிய சந்தா, இன்டர்நெட் கட்டணத்தில் உரிய பங்கு எல்லாம் செலவில் சேரும். இதைக் கையாளத் தெரிந்த ஆடிட்டரிடம் கொடுங்கள். எனக்கு அவர் வாங்கியது 3,000 ரூபாய்.